அயனிக்கும் பற்று வரவு உண்டு

நான் பி.காம். வேதியியலோடு எனக்குப் பத்தாம் வகுப்பிலேயே பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது. ப்ளஸ் ஒன் படிக்கும் தங்கச்சி புத்தகத்தோடு வந்து உட்கார்ந்ததால் திரும்பப் பேச வேண்டியதாயிற்று. 'சிஏ' என்றால் அவளுக்குக் கால்சியம், எனக்கு சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட். அந்த லட்சணத்தில் ஆரம்பித்தோம் :-)

ஆனால் பாருங்கள், அயனிகளைச் சேர்த்து வாய்பாடு எழுதுவது எங்கள் இருப்பாய்வேதான். பற்று எவ்வளவோ வரவும் அவ்வளவு. கால்சியம் அயனிக்கு நேர் மின்சுமை 2, குளோரைடுக்கு எதிர் மின்சுமை 1. கணக்கு நேராக ஒரு கால்சியத்துக்கு இரண்டு குளோரைடு. அவ்வளவுதான்.

இதை விட்டுவிட்டு டியூஷனில், "எண்களைக் குறுக்கே மாற்றிப் போடு, சுருக்க முடிந்தால் சுருக்கு" என்று ஒரு மந்திரம் சொல்லித் தருகிறார்கள். மக்னீசியம் ஆக்சைடுக்குப் பலிக்கும். 2-க்கு 2, சுருக்கினால் 1-க்கு 1. சோடியம் பெராக்சைடும் 2-க்கு 2தான், ஆனால் அங்கே சுருக்கினால் போச்சு! இரண்டு ஆக்சிஜனும் கைகோத்து ஒரே அயனியாக நிற்கின்றன, பிரிக்கக் கூடாது. மெர்குரஸ் அயனியும் அப்படியே, இரண்டு பாதரச அணுக்கள் சேர்ந்த ஜோடி. அதனால் மெர்குரஸ் குளோரைடில் 2 பாதரசம், 2 குளோரின். மெர்குரிக் குளோரைடில் 1 பாதரசம், 2 குளோரின்.

"மெர்குரஸ், மெர்குரிக்... வாலில்தானே அண்ணா வித்தியாசம்?" என்றாள்.

வாலில்தான். முதலாவது கலோமல். 19-ஆம் நூற்றாண்டில் பேதி மருந்தாகவே கொடுத்தார்கள் (அதுவும் நல்லதல்ல என்பது பிறகு புரிந்தது). இரண்டாவது தண்ணீரில் கரையும் கடும் விஷம், சில கிராம் போதும், உயிர் போய்விடும். சித்த மருத்துவத்தில் முன்னதற்குப் பூரம், பின்னதற்கு வீரம் என்று பெயர். மாறிப் போக வழியே இல்லை. என்னைக் கேட்டால் அதுதான் பெயர்!

மெர்குரி ஒன்று, மெர்குரி இரண்டு என்று ரோமன் எண் போட்டு எழுதும் முறையை 1919-ல் கொண்டுவந்தவர் ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டாக். கொடுமை என்னவென்றால், ஆய்வகத்தில் சுவாசித்த பாதரச ஆவியால் அவருக்கே நஞ்சேறிவிட்டது. தலைவலி, ஞாபக மறதி என்று பல வருடங்கள் அவஸ்தை. 1926-ல் அந்த ஆவியின் ஆபத்தைப் பற்றி மற்ற வேதியியலாளர்களை எச்சரித்துக் கட்டுரை எழுதினார்.