தகர வாள் பார்த்த சித்தப்பா

கோரமண்டல் விரைவு வண்டி காலையில் சென்னை சென்ட்ரலை விட்டால் மறுநாள் முற்பகலில் கொல்கத்தாவை ஒட்டிய ஷாலிமாரில் இறக்கிவிடும். ஏறக்குறைய 1,660 கிலோமீட்டர். கோதாவரிப் பாலம் வரும்வரை மடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வசனம் நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தேன். சென்னையில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் சனி, ஞாயிறுகளில் கூடி நாடகம் போடுகிறோம். அடுத்த நாடகத்தில் எனக்குக் கீழத்தஞ்சைப் பண்ணையார் வேடம். ஒரு மாத ஒத்திகைக்குப் பிறகு இயக்குநர் என்னைத் தனியே கூப்பிட்டு, “நீ பண்ணையாரை வெறுக்கிறது தெரியுது. பண்ணையார் தெரியல” என்றார்.

அதே மாதத்தில்தான் எங்கள் குழுவில் இருந்த நண்பன் ஒருவன் அரசியல் வாக்குவாதம் முற்றி வெளியேறினான். வாக்குவாதம் என்னோடுதான். பதினோரு வருட நட்பு. இரவு டீக்கடையில் தொடங்கிய பேச்சு வாட்ஸ்அப் வரை போய், கடைசியில் இருவரும் ஒருவர் எண்ணை ஒருவர் முடக்கிவிட்டோம். இரண்டும் சேர்ந்து மனத்தைப் போட்டு அழுத்தின. ஒரு வாரம் ஊரை விட்டுப் போகலாம் என்று தோன்றியபோது சித்தப்பா நினைவுதான் வந்தது.

சித்தப்பா 1971-இல் கும்பகோணத்திலிருந்து மத்திய அரசு வேலைக்காகக் கல்கத்தா போனவர். ஓய்வு பெற்றும் திரும்பவில்லை. கொல்கத்தா என்று பெயர் மாறி இருபது வருடங்களுக்கு மேலாகியும் அவர் வாயில் அது கல்கத்தாதான். எனக்கும் அவருக்கும் அரசியலில் எந்த இடத்திலும் ஒத்துப்போகாது. அவர் வாசல் கதவைத் திறந்ததும் சொன்ன முதல் வார்த்தை, “வாங்க தோழர்.”

அவர் வீடு லேக் மார்க்கெட் பக்கம். தென்னிந்தியர்கள் மூன்று நான்கு தலைமுறையாகக் குடியிருக்கும் பகுதி. வாழை இலை, கறிவேப்பிலை, முருங்கைக்காய், வறுத்து அரைத்த காப்பிப் பொடி எல்லாம் கிடைக்கும். காப்பி குடித்த சூட்டோடு சண்டை தொடங்கிவிட்டது. சித்தப்பாவின் கோபத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ‘கெரோ’ என்ற சொல்லை 1967 வாக்கில் நாட்டுக்கே கொடுத்த ஊர் இது. அவருடைய அலுவலகத்தில் ஒருநாள் அதிகாரிகளைச் சுற்றி வளைத்தபோது, எந்த அதிகாரமும் இல்லாத இவரும் உள்ளே மாட்டிக்கொண்டு மறுநாள் விடியும்வரை தண்ணீர்கூட இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். மின்வெட்டில் மெழுகுவர்த்தி வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த வருடங்கள் வேறு. 1977 முதல் 2011 வரை 34 ஆண்டுகள் இடது முன்னணி ஆண்டது. அத்தனை தேர்தலிலும் எதிர்த்து ஓட்டுப் போட்டேன் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குப் பெருமை. நான் நிலச் சீர்திருத்தம் என்றேன். அவர் மூடிக்கிடக்கும் சணல் ஆலைகள் என்றார். சித்தி அடுப்பங்கரையிலிருந்து, “ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு மிச்சத்தப் பேசுங்கோ” என்றார்.

மறுநாள் காலை, டிராம் இருக்கும்போதே அதில் போய்விட வேண்டும் என்று கரியாஹாட்டுக்கு அழைத்துப் போனார். 1873-இல் குதிரை இழுத்த டிராம் ஓடிய ஊர்; 1902-இல் மின்சார டிராம் வந்தது. ஒரு காலத்தில் நகரம் முழுக்கப் பின்னிக் கிடந்த தடங்களில் இன்று மிஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மைதான் பகுதியின் ஒரு தடத்தைத் தவிர மற்றவற்றை நிறுத்தப் போவதாக 2024-இல் மாநில அரசு சொல்லிவிட்டது. இதைப் பற்றி எங்கள் பெட்டியில் முன்பின் தெரியாத நாலு பேர் பேசத் தொடங்கி, பத்து நிமிடத்தில் குரல் உயர்ந்துவிட்டது. சித்தப்பா மொழிபெயர்த்துச் சொன்னார். நெரிசலுக்கு டிராம்தான் காரணம் என்றார் ஒருவர். தண்டவாளத்தில் கார் நிறுத்துபவன்தான் காரணம் என்றார் குரங்குக் குல்லாய் போட்ட பெரியவர். அவரவர் நிறுத்தம் வந்ததும் தலையசைத்து விடைபெற்று இறங்கிப் போனார்கள். மறுநாளும் அதே வண்டியில் அதே ஆட்களைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தவர்களின் சண்டை அது. நானும் என் நண்பனும் போட்டது அப்படிப்பட்ட சண்டை அல்ல.

எஸ்பிளனேடில் இறங்கினால் லெனின் சிலை. தர்மதலா தெருவுக்கு இப்போது லெனின் பெயர். அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கும் தெருவுக்கு ஹோ சி மின் பெயர். மெட்ரோவில் டாலிகஞ்ச் நிலையத்துக்கு நடிகர் உத்தம் குமார் பெயர். அரசியலும் நடிப்பும் முகவரியிலேயே ஏறிவிட்ட ஊர்.

சிலையிலிருந்து சற்று நடந்தால் கர்சன் பூங்கா. இன்றைக்கு அதில் பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் நான் கொல்கத்தாவில் பார்க்க விரும்பிய முதல் இடம் அதுதான். வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் எழுபதுகளில் மேடையையும் விளக்கையும் திரையையும் விட்டுவிட்டு இந்தப் புல்தரையில் நாடகம் போட்டார். படிப்பால் அவர் நகரத் திட்ட வல்லுநர். நகரம் மனிதனை என்ன செய்கிறது என்பதைத் தொழில்ரீதியாகவே அறிந்தவர். நுழைவுச் சீட்டு கிடையாது. முடிந்ததும் விரும்பியதைப் போட்டுவிட்டுப் போகலாம். அவருடைய ‘மிச்சில்’, அதாவது ஊர்வலம், ஓயாமல் ஊர்வலம் போகும் ஒரு நகரத்தில் தொலைந்துபோன பையனைப் பற்றியது. 1974 ஜூலை 20 அன்று இதே பூங்காவில் கலை நிகழ்ச்சிக்காகக் கூடியவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியதில் பிரபீர் தத்தா என்ற இளைஞர் உயிரிழந்தார். ஒரு கலை நிகழ்ச்சிக்குக் கூடியதற்காக உயிர் போன இடம். அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். சித்தப்பாவும் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றார். 1980-இல் சென்னைக்கு வெளியே சோழமண்டலத்தில் இதே பாதல் சர்க்கார் நடத்திய பயிலரங்கிலிருந்துதான் தமிழில் வீதி நாடகத்துக்கு ஒரு புது வேகம் பிறந்தது. எங்களைப் போன்ற சிறு குழுக்களுக்கு அவர் தாத்தா முறை.

காலேஜ் தெருக் காப்பி ஹவுஸைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். பழைய ஆல்பர்ட் ஹாலில் 1942-இல் தொடங்கியது, ஊழியர்களின் கூட்டுறவுச் சங்கம் நடத்துவது, தலைப்பாகைப் பரிசாரகர்கள், பால் சேர்க்காத ‘இன்ஃப்யூஷன்’. காப்பி எனக்குப் பிடிக்கவில்லை. இரைச்சல் பிடித்தது.

அன்று மாலை அகாடமி ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் அரங்கில் ஒரு நாடகம். ஹூக்ளிக் கரையில் ஒரு சணல் ஆலை மூடப்படும் கதை. எனக்கு வங்க மொழி அரைகுறையாகக்கூடத் தெரியாது. சித்தப்பா காதோரம் சொல்லிக்கொண்டே வந்தார். முதலாளியாக நடித்தவருக்கு அறுபது வயது இருக்கும். அவர் கத்தவில்லை, மீசையை முறுக்கவில்லை. தன் அப்பா கட்டிய ஆலையின் சங்கு இனி ஊதாது என்று தொழிலாளர்களிடம் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. அந்த மனிதர்மேல் எனக்கு இரக்கம் வந்தது. அடுத்த காட்சியிலேயே அவர் எடுத்த முடிவால் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்தபோது, அந்த இரக்கமே கோபத்தை இரண்டு மடங்காக்கியது. வெறும் வில்லனாக வந்திருந்தால் அவ்வளவு கோபம் வந்திருக்காது.

வெளியே மண் குவளையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவரிடம் போய்ப் பேசினோம். தான் முப்பது வருடம் தொழிற்சங்கத்தில் இருந்தவர் என்றார். “பேச்சுவார்த்தையில் எதிரே உட்கார்ந்து முதலாளி பேசியதை அவ்வளவு கேட்டிருக்கிறேன். அவர் தன்னை நியாயவான் என்று முழுசாக நம்பினார். அதை விட்டுவிட்டு நடித்தால், நாங்கள் எதை எதிர்த்துப் போராடினோம் என்பதே ஜனங்களுக்குப் புரியாது.” சித்தப்பா மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டுத் தானாக ஒன்றைச் சேர்த்தார்: “இவன் சொல்றது சரிடா.” ஒரு தொழிற்சங்கக்காரர் சொன்னதைச் சரி என்று சித்தப்பா சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இரவு மொட்டை மாடியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தபோது அவர் உத்பல் தத்தைப் பற்றிச் சொன்னார். தமிழ் ரசிகர்களுக்கு ஓர் அடையாளம் சொல்லலாம்: ‘தில்லு முல்லு’ படத்தில் தேங்காய் சீனிவாசன் செய்த வேடத்தை அதன் இந்தி மூலமான ‘கோல்மால்’ படத்தில் செய்தவர். ஆனால் வங்காளத்தில் அவர் வேறு ஆள், பழுத்த மார்க்சியர். 1946 கடற்படைக் கலகத்தை வைத்து மினர்வா அரங்கில் அவர் போட்ட ‘கல்லோல்’ நாடகத்துக்குப் பெரிய பத்திரிகைகள் விளம்பரம் போட மறுத்தன. 1965-இல் அவரை விசாரணையில்லாமல் மாதக்கணக்கில் சிறையில் வைத்தார்கள். “கல்லோல் ஓடுகிறது, ஓடும்” என்று ஊர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டி, அந்த நாடகத்தை மக்களே தாங்கிப் பிடித்தார்கள்.

“அவன் அரசியல் எனக்கு ஆகவே ஆகாது. ஆனா ‘டினேர் தலவார்’ மூணு தடவ பார்த்தேன்” என்றார் சித்தப்பா. தகர வாள் என்று அர்த்தம். 1971-இல் வந்த நாடகம். கதை நடப்பது 1876-இல், இதே கல்கத்தாவில். நாடக வாத்தியார் பேணிமாதவ் தெருவில் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறார்; பாதாளச் சாக்கடையிலிருந்து தலையை நீட்டும் துப்புரவுத் தொழிலாளி, ராஜா வேடம் போட்டுத் தகர வாள் சுழற்றுகிறீர்களே, என்னைப் பற்றி ஏன் நாடகம் இல்லை என்று கேட்கிறான். வாத்தியார் அரங்கைக் காப்பாற்ற எல்லாச் சமரசமும் செய்துகொள்கிறார். தான் வளர்த்த நடிகையையே பணக்காரனுக்கு விட்டுக்கொடுக்கிறார். கடைசியில், வெள்ளை அதிகாரி பார்வையாளர்களோடு உட்கார்ந்திருக்கும்போது, நடித்துக்கொண்டிருந்த நாடகத்தை விட்டுவிட்டுத் தடைக்குப் பயந்து ஒதுக்கிவைத்த, வெள்ளையரை எதிர்த்த தீதுமீரின் வசனத்தை மேடையில் முழங்குகிறார். அந்த வாத்தியாராக உத்பல் தத்தே நடித்தார்.

“கெரோவில ராத்திரி முழுக்க உட்கார்ந்தவன்டா நான். அந்தக் கட்சிக்காரன் நாடகத்துக்கு எழுந்து நின்னு கை தட்டினேன். தட்டாம இருக்க முடியல.”

1876 என்ற வருடம் சும்மா வைத்ததல்ல. வேல்ஸ் இளவரசரை வீட்டுக்கு அழைத்து உபசரித்த ஒரு கல்கத்தா வக்கீலைக் கேலி செய்து நாடகம் போட்டார்கள். அதில் மிரண்டுதான் வெள்ளை அரசு அந்த வருடம் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சுதந்திரம் வந்த பிறகு நம் சென்னை மாநிலமும் 1954-இல் தனக்கென்று ஒரு சட்டம் செய்துகொண்டது, குறி எம். ஆர். ராதாவின் நாடகங்கள். நாடகப் பிரதியை முன்கூட்டியே போலீசிடம் கொடுத்து அனுமதி வாங்கும் அந்தப் பழக்கத்தை எதிர்த்து ‘பரீக்ஷா’ நாடகக் குழுவின் ஞாநி வழக்குத் தொடுத்தார். 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. எங்கள் குழு இன்று காவல் நிலையத்தில் பிரதியோடு காத்திருக்க வேண்டியதில்லை என்றால் அதற்கு அவர் காரணம். ஆள்பவர்கள் ஏன் நாடகத்துக்கு இவ்வளவு பயந்தார்கள் என்று சித்தப்பாவைக் கேட்டேன். எதிராளியையும் எழுந்து கை தட்ட வைத்துவிடுமே, அதனால்தான் என்றார். நான் மறுத்துப் பேசவில்லை.

கிளம்புவதற்கு முந்தைய இரவு, சித்தப்பா தன் மடிக்கணினியில் சத்யஜித் ராயின் ‘ஹீரக் ராஜார் தேஷே’ போட்டார். 1980-இல் வந்த படம். குழந்தைகளுக்கான கதைபோல இருக்கும். எமர்ஜென்சியை நினைக்காமல் பார்க்க முடியாது. விவசாயியும் சுரங்கத் தொழிலாளியும் வாய் திறக்காமலிருக்க மூளையைச் சலவை செய்ய ஓர் அறை வைத்திருக்கும் வைர அரசன். அந்தக் கொடுங்கோலனாக நடித்தவர் சிறைக்குப் போன அதே உத்பல் தத். படத்தில் எல்லோரும் எதுகை மோனையோடு பேசுகிறார்கள். பள்ளிக்கூட வாத்தியார் மட்டும் சாதாரணமாகப் பேசுகிறார். அரசனின் சிரிப்பு, தன் புகழைத் தானே கேட்டுச் சொக்கும் கண்கள், ஒரு பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லும்போது அவனுக்குள் ஓடும் பயம். அத்தனையையும் அந்த மனிதர் ஒளிக்காமல் காட்டுகிறார். கடைசியில் தன் சிலையைச் சாய்க்கும் கயிற்றை அரசனும் சேர்ந்து இழுக்கிறான். சிறை வைத்தவர்களை அவர் எவ்வளவு கவனமாகப் பார்த்திருந்தால் இப்படி நடிக்க முடியும்! எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

நான் என் நண்பனை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. அவன் சொன்ன ஒரு வாதத்தையாவது அவன் ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல் என்று கேட்டால் என்னால் முடியாது. என் அரசியல் சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பண்ணையார் செய்தது கொடுமை என்பதிலும் மாற்றமில்லை. ஆனால் எதிராளி பேசும்போது அடுத்து நான் என்ன சொல்வது என்பதையே யோசித்துக்கொண்டிருந்தேன், அவனைக் கேட்கவில்லை. பண்ணையாரையும் கேட்கவில்லை.

ஷாலிமாருக்கு வழியனுப்ப வந்த சித்தப்பா, வித்யாசாகர் பாலத்தின் மேல் டாக்ஸி போகும்போதும் விலைவாசிக்கு யார் காரணம் என்று என்னோடு சண்டை போட்டார். தயிர்சாதப் பொட்டலத்தைக் கையில் திணித்தார். வண்டியில் ஏறியதும் நண்பனின் எண்ணுக்குப் போட்டிருந்த முடக்கத்தை எடுத்தேன். பதில் இன்னும் வரவில்லை.

எங்கள் நாடகம் பங்குனியில் அரங்கேறுகிறது. உங்கள் ஊரிலும் எங்காவது ஒரு பள்ளிக்கூட மைதானத்திலோ சிறு அரங்கிலோ யாராவது நாடகம் போட்டுக்கொண்டிருப்பார்கள். போய்ப் பாருங்கள். போகும்போது, உங்களோடு அரசியலில் ஒத்துப்போகாத ஒருவரையும் கூப்பிட்டுக்கொண்டு போங்கள்.