நாலணா பாரம்

மாமாவின் மைக் செட்டில் எனக்கிருந்த ஒரே உத்தியோகம், ரிக்கார்டு தாவினால் ஓடிப்போய் முள்ளைத் தூக்கி வைப்பது. வெயிலில் நெளிந்த தட்டுகள்தான் பாதிக்கு மேல். நிமிடத்துக்கு 33 1/3 சுற்று, 1.8 வினாடிக்கொரு தடவை முள் மேடேறி இறங்கும். தாவாமலிருக்க பிளேயர் கையின் தலையில் ஒரு நாலணாவை, சைக்கிள் டியூபில் அறுத்த வளையத்தால் மாமா கட்டியிருந்தார். அந்தப் பாரம் தட்டையே தின்றுவிடும் என்று யாரோ பயமுறுத்த, காசை எடுக்க மனம் வராமல் வால் பக்கம் ஒரு நட்டைக் கட்டினார். கணக்கு நேராகிவிட்டதாம்.

ஒரு காதுகுத்து வீட்டில் ஐஸ் வண்டி மணி கேட்டது. காசை உருவிக்கொண்டு ஓடினேன். பால் ஐஸ் பாதி கரைவதற்குள், புளியமரத்துக் குழாயில் புலம்பத் தொடங்கிய தருமி நாகேஷ், பொற்கிழியை மறந்து நாலு காட்சி தாண்டியிருந்தார். வால் கனத்து, முள் தட்டில் பட்டும் படாமலும் வழுக்கியிருக்கிறது. பந்தலே சிரித்தது.

“ஏல மருமவனே! துட்டு எங்கல?”

மடியிலிருந்து வேறொரு நாலணாவை எடுத்துக் கட்டினார் மாமா. மறுநாள் பிளேயரைச் சுமந்துகொண்டு மாமாவோடு ரேடியோ மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனது எனக்கான தண்டனை.

அண்ணாச்சி முள்முனையில் அப்பியிருந்த தூசியை ஊதிவிட்டு, காசையும் நட்டையும் அவிழ்த்து மேசையில் போட்டார். காசு 2.5 கிராம். கை திரும்பும் அச்சிலிருந்து 23 சென்டிமீட்டர் தள்ளி அது உட்கார்ந்திருந்தது. வாலோ 7 சென்டிமீட்டர்தான். அதனால் நட்டு 8 கிராமாவது இருக்க வேண்டியிருந்தது.

“வெள்ளிக்கோல்ல நிறுத்தா ரெண்டும் சரிதான் தம்பி. துரட்டியால புளி அடிச்சிருக்கியா?”

அடித்திருக்கிறேன். அரிவாளுக்குப் பக்கத்தில் பிடித்தால் துரட்டி சொன்னபடி கேட்கும். அடிக்கம்பைப் பிடித்தால் கிளம்பவே மாட்டேன் என்னும், கிளம்பினால் நிற்காது. தூரம் இரண்டு மடங்கானால் நிறுவையில் பாரம் இரண்டு மடங்கு, ஆட்டி நிறுத்தும் பாடு நாலு மடங்கு. நிறுவையில் நட்டு காசை அழித்துவிட்டது. ஆட்டும் பாட்டிலோ இரண்டும் கூடிக்கொண்டன. அதிலும் நுனியில் இருந்த குட்டிக் காசுதான் பெரிய வில்லன். மேட்டில் ஏறிய கை அந்த வேகத்திலேயே எழும்ப, முள் பிடி விட்டுக் குரல் கரகரக்கும். பள்ளத்தில் தட்டை நசுக்கும். மாமா அந்தக் கரகரப்பைக் குழாயின் கோளாறு என்று வருஷக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி பின்பக்கக் குண்டை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, அதே நெளிந்த தட்டைப் போட்டார். குளத்து அலையில் தக்கை போலக் கை ஏறி இறங்கியது. தருமி ஒரு வார்த்தை விடாமல் புலம்பினார்.

பஸ் ஸ்டாண்டில் அந்த நாலணாவுக்கு மாமா ஒரு பால் ஐஸ் வாங்கினார். எனக்கில்லை, அவருக்கு.