ஆல்கோன்னா சும்மாவா!

ரயில் பைத்தியங்கள்கிட்ட டபிள்யூ.டி.எம்-2 பத்தி மட்டும் பேச்சு குடுத்துடாதீங்க. விடிஞ்சுரும் :-) 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன். அமெரிக்க ஆல்கோ கம்பெனியோட டிசைன். 1964-லேருந்து வாரணாசியில நாமளே செஞ்சோம். 1969-ல ஆல்கோ ரயில் எஞ்சின் கடையைக் கட்டிடுச்சு. இங்கே அதுக்கப்புறமும் பல வருஷம் அதே வம்சம் ஓடிச்சு.

கிளம்பறப்போ குபுகுபுன்னு கரும்புகை விடும் பாருங்க, அதுக்குத்தான் இத்தனை ரசிகர்கள். டீசல் உடனே பாயுது. டர்போ வேகம் பிடிச்சு காத்தை அனுப்ப கொஞ்சம் நேரமாகுது. அரைகுறையா எரிஞ்சது புகையா வருது. ஆக, நாம ரசிக்கறதே ஒரு குறையைத்தான்! (தண்டவாளத்துப் பக்கம் துணி காயப்போட்டவங்க ரசிச்சிருக்க மாட்டாங்க.)

எங்கப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்ல இரும்புப் பட்டறை வேலை. ஷிப்டு முடிஞ்சு ஸ்டேஷன்ல நிக்கறப்போ, கரண்ட் கம்பிக்கு அடியில டீசல் வந்தா திரும்பாமலே "ஆல்கோ"ம்பார். பட்டறை இரைச்சல்ல இப்போ காது மந்தம். அந்த வாரணாசி ஆலையோட பேர்லேருந்தும் 2020-ல 'டீசல்' போயிடுச்சு.

போன வாரம் ஒரு பழைய ஒலிப்பதிவை ஹெட்போன்ல சத்தமா வெச்சு மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டுட்டு, "லோடு வண்டி"ன்னார்.