போர்டுல எழுதின நம்பர்

தோட்டத்துக்குப் போற முக்குல ஒரு தகர போர்டு வெச்சிருக்கேன். 'நாட்டுச் சர்க்கரை, செக்கு எண்ணெய், வாழைத்தார் கிடைக்கும்'னு எழுதி, கீழ பெருசா என் செல் நம்பர். பெயிண்டர் கிட்ட நம்பரை மட்டும் செவப்புல எழுதச் சொன்னதே நான்தான். அந்த நம்பரை நம்பித்தான் யாவாரம் ஓடுது. பாதிப் பேரு ரோட்டுல போறப்ப பாத்துட்டுக் கூப்புடறவங்க, மீதிப் பேரு அவங்க சொல்லிக் கூப்புடறவங்க. யாரு நம்பரும் என் போன்ல இருக்காது.

யாவாரத்துக்குக் கூப்புடறவங்க ஒரு நாளைக்கு நாலு பேருன்னா, லோன் வேணுமா, கிரெடிட் கார்டு வேணுமா, சைட்டு வேணுமான்னு கூப்புடறவங்க எட்டுப் பேரு. மருந்தடிக்கற டேங்கை முதுகுல மாட்டிக்கிட்டு நடு வயல்ல நிக்கறப்பத்தான் கரெக்டா அடிக்கும். கையைக் கழுவி, துண்டுல தொடச்சு, பட்டனை அமுக்கினா, "வணக்கம் சார், உங்களுக்கு அஞ்சு லட்சம் அப்ரூவ் ஆயிருக்கு"ன்னு ஒரு பொண்ணு. அது மேல கோவப்பட்டு என்ன பண்றது, அது பொழப்புக்கு அது பேசுது.

இதுல மோசமான ரகம் ஒண்ணு இருக்கு, டவர் ரகம். 'உங்க நிலத்துல செல் டவர் வைக்கப் போறோம், மாசம் வாடகை, அட்வான்ஸ் தனி'ம்பாங்க. எங்க பங்காளி ஒருத்தர் இதை நம்பி, ரிஜிஸ்ட்ரேஷன் பீஸுன்னு கட்டி ஏமாந்தாரு. எவ்வளவுன்னு இன்னி வரைக்கும் வீட்டுல சொல்லலை. டவர் வைக்க நாங்க எந்தச் சான்றிதழும் குடுக்கறதில்லைன்னு ட்ராய்க்காரங்களே அறிவிப்பு விட்டிருக்காங்க. டவர் வைக்கிற கம்பெனிதான் நிலத்துக்காரனுக்குக் காசு குடுக்கணும், நம்ம கிட்ட முன்பணம் கேட்டா அப்பவே வெச்சிரலாம்.

போன மார்கழியில அக்கா பையன் லீவுக்கு வந்திருந்தான். நான் போனைப் பாத்து முணுமுணுக்கறதைப் பாத்துட்டு, "குடுங்க மாமா, ரெண்டு நிமிஷம்"னு வாங்கி என்னமோ அமுக்கினான். போன்ல பேரு போட்டு வெச்ச ஆளுங்க கூப்புட்டா மட்டும் அடிக்கும், மத்ததெல்லாம் சத்தமில்லாம கட் ஆயிரும்னான். அடடா, அந்த ஒரு மாசம் அப்படி ஒரு அமைதி! பொங்கலுக்குச் சர்க்கரை ஆர்டர் கொறஞ்சதுக்கு வேற காரணம் நெனச்சுக்கிட்டேன்.

மாசியில ஒரு நாள் காலையில சொட்டு நீர் பைப் வாங்க டவுனுக்குப் போயிட்டேன். வீட்டுக்காரி அவங்கம்மா ஊருக்குப் போயிருந்தா. தோட்டத்துல எங்கம்மா மட்டும். சினை மாட்டுக்கு இன்னும் பத்து நாள் இருக்குன்னு கணக்கு. ஆனா நான் கெளம்பின கொஞ்ச நேரத்துல மாடு படுத்து எந்திரிச்சு முக்க ஆரம்பிச்சிருக்கு. ஒரு கால் மட்டும் வெளிய தெரியுது, தலை வரலை. அம்மா போன்ல சார்ஜ் இல்ல. பக்கத்துத் தோட்டத்துக்குப் புல்லறுக்க வந்த பையன் கிட்ட போனை வாங்கி, மனப்பாடமா தெரிஞ்ச ஒரே நம்பருக்கு, என் நம்பருக்கு, அடிச்சிருக்காங்க. நாலு தடவை.

நான் அப்ப பைப் கடையில டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன்.

அந்தப் பையனே வண்டியில போய் டாக்டரைக் கூட்டிக்கிட்டு வந்தான். மாடு பொழச்சுது. கன்னுக்குட்டி, கெடாரி, போயிருச்சு. மத்தியானம் வண்டியில பைப்பைக் கட்டிக்கிட்டு நான் வர்றப்ப, சாக்கு போட்டு மூடி வெச்சிருந்தாங்க. அம்மா திட்டினா பரவால்ல. "போனு அடிக்கலையா சாமி?"ன்னு மட்டும் கேட்டாங்க.

ராத்திரி தடுத்து வெச்ச கால் பட்டியலைத் தொறந்து பாத்தேன். அந்தப் பையன் நம்பர் நாலு தடவை. நடுவுல 140ல ஆரம்பிக்கற நம்பர் ரெண்டு. அதுக்குக் கீழ, பொங்கல் சமயத்துல திரும்பத் திரும்பக் கூப்புட்ட ஒரு நம்பர். அடுத்த நாள் அந்த நம்பருக்குப் பேசினேன். திருப்பூர்க்காரர், வேற எடத்துல வாங்கிட்டேன்னாரு.

அந்த செட்டிங்கை எடுத்துட்டு, மொறையா செய்ய வேண்டியதைச் செஞ்சேன். 1909க்கு ஒரு எஸ்.எம்.எஸ். ஆங்கிலத்துல ஸ்டார்ட்னு அடிச்சு, ஒரு எடம் விட்டு, சைபர். அவ்வளவுதான், விளம்பரக் கால் எல்லாத்துக்கும் தடை. எஸ்.எம்.எஸ். அடிக்கத் தெரியாதவங்க 1909க்குக் கூப்புட்டே சொல்லலாம். பாங்கி, ரியல் எஸ்டேட்னு வகை வகையா மட்டும் தடுக்கவும் வழி இருக்கு. ஓ.டி.பி.யும் பாங்கி கணக்கு மெசேஜும் இதுல நிக்காது, பயப்பட வேண்டாம்.

சில நாள்ல 140 கால்கள் நல்லாவே கொறஞ்சுது. சுத்தமா நிக்கலை. ஏன்னு யோசிச்சா, தப்பு என் மேலயும் இருக்கு. விவசாயக் கண்காட்சிக்குப் போனப்ப குலுக்கல்ல பவர் டில்லர்னு சொன்னாங்கன்னு சீட்டுல நம்பரை எழுதிப் போட்டவன் நான். 'என்னைக் கூப்புடலாம்'னு நாமளே சம்மதம் குடுத்த கம்பெனிக்கு இந்தத் தடை செல்லாது.

இன்னொரு கூட்டம் சாதாரண பத்து இலக்க நம்பர்ல இருந்தே கூப்புடும். அது விதிப்படி தப்பு. விளம்பரத்துக்கு 140, பாங்கி மாதிரி எடங்கள்ல இருந்து கணக்கு விஷயமா பேசறதுக்கு 1600ன்னு தனி வரிசை இருக்கு. அப்படி வந்தா நம்பர், தேதி, என்ன பேசினாங்கன்னு ரெண்டு வார்த்தை சேத்து அதே 1909க்குப் புகார் அனுப்பலாம். முந்தி மூணு நாளுக்குள்ள அனுப்பணும்னு இருந்துச்சு, 2025ல ஏழு நாளாக்கிட்டாங்க. நம்மள மாதிரி ஞாயித்துக்கிழமை உக்காந்து மொத்தமா அனுப்பறவங்களுக்கு அது வசதி. ஒவ்வொண்ணுக்கும் புகார் நம்பர் வரும். அனுப்பின நம்பர்கள்ல ரெண்டு மூணு திரும்ப வரலை. மத்தவங்க புது சிம் வாங்கிட்டாங்க போல.

மாட்டுக் கொட்டாய் செவுத்துல இப்ப கரியில நாலு நம்பர் எழுதி வெச்சிருக்கேன். என்னோடது, டாக்டரோடது, அந்தப் புல்லறுக்கற பையனோடது, அப்பறம் 1962, கால்நடை ஆம்புலன்ஸ். அந்த 1962 முந்தியே தெரிஞ்சிருந்தாலும் எழுதி வெக்காதது என் சோம்பேறித்தனம். அம்மா போனுக்குச் சார்ஜ் போடறது என் பொறுப்பு.

அந்த மாடு மறுபடியும் சினை. வர்ற மாசிக் கடைசியில ஈனும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அது வரைக்கும் எந்த நம்பர்ல இருந்து வந்தாலும் எடுக்கறதா இருக்கேன், அஞ்சு லட்சம் அப்ரூவ் ஆயிருக்குன்னாலும் சரி.