வீடு மாறினோம், எண் மாறலாமா?

ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குக் குடிபெயர்வதற்கு எம்மவர் செய்யும் ஆயத்தங்கள் பல. பஞ்சாங்கம் பார்ப்பர், இராகுகாலம் தவிர்ப்பர், நிறைகுடமும் சுவாமிப் படமும் முன்னே செல்ல, பெட்டி படுக்கைகள் பின்னே செல்லும், புதிய அடுப்பிற் பால் பொங்கிய பின்னரே மற்றைய அலுவல்கள் தொடங்கும். இவ்வரிசையில் இக்காலத்தில் இன்னுமொன்று சேர்ந்துவிட்டது. அதுதான் தொலைபேசியும் இணைய இணைப்பும். கிணறும் மின்சாரக் கம்பியும் வீட்டோடு கூடவே இருப்பன. தொலைபேசியோ குடியிருப்பவரின் பெயரைப் பற்றிக்கொண்டு நிற்பது. அவர் போகும்போது அதற்கும் ஒரு வழி செய்தாக வேண்டும்.

ஆசிரியத் தொழில் செய்வோர்க்கு இடமாற்றம் புதியதன்று. எமக்கும் அது வந்தது. யாழ்ப்பாண நகரில் 16 ஆண்டுகள் வாடகைக்கு இருந்த வீட்டை விட்டு, ஏறக்குறைய 140 கிலோமீற்றருக்கு அப்பால் வவுனியாவுக்கு நாம் குடும்பத்தோடு பெயர வேண்டியதாயிற்று. தளபாடங்களை ஏற்ற ஒரு லொறி போதுமாயிருந்தது. ஆனால் அந்த லொறியில் ஏற்ற முடியாத இரண்டு பொருள்கள் எம் வீட்டில் இருந்தன. ஒன்று, மகளின் வகுப்பு; மற்றது, அம்மாவின் தொலைபேசி எண்.

மகள் உயர்தர வகுப்பிற் கணிதப் பிரிவிற் பயில்பவள். இணைந்த கணிதத்துக்கு அவள் நம்பியிருக்கும் ஆசிரியர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். 2020ஆம் ஆண்டிற் கொரோனா நோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது எங்கும் பரவிய 'சூம்' வகுப்பு, நோய் நீங்கிய பின்னும் நீங்கவில்லை. ஆகவே இணைய இணைப்பு இருக்குமாயின் ஆசிரியரை விட்டுப் பிரிய வேண்டியதில்லை. இல்லையாயின் வாரத்தில் மூன்று வகுப்புகள் வீணாகும்.

அம்மாவின் காரியம் இதனினும் நுண்மையானது. அம்மாவின் தமக்கையார், எமது பெரியம்மா, கனடாவில் ரொறன்ரோ நகரில் வாழ்கிறார். வயது 85. அண்மைக் காலமாக அவருக்கு மறதி நோய் கண்டிருக்கிறது. பேரப்பிள்ளைகளின் பெயர்கள் மாறிப்போகின்றன. காலையில் உண்டது மாலையில் நினைவில்லை. ஆயினும் ஒன்றை மட்டும் அவர் மறக்கவில்லை. அதுவே எமது யாழ்ப்பாண வீட்டுத் தொலைபேசி எண். அங்கே சனிக்கிழமை இரவு, இங்கே ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த நேரத்தில் எவருடைய உதவியுமின்றித் தாமே எண்களை அழுத்தித் தங்கையை அழைப்பார். "அவ தானாச் செய்யிற வேலை இப்ப இது ஒண்டுதான்" என்று பெரியம்மாவின் மகள் ஒருமுறை எம்மிடம் சொல்லியிருக்கிறார்.

வீடு மாறும் செய்தியைக் கேட்டதும் அம்மா சொன்னது இதுதான்: "தம்பி, அலுமாரியை விட்டிட்டு வரலாம். அக்கான்ர நம்பரை விட்டிட்டு வரேலாது."

அது எமது எண்தான். அம்மாவுக்கோ அது அக்காவின் எண். இதன் காரணத்தை இளைய தலைமுறையினர் அறிதல் நன்று. 1990இன் பின் பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை. வெளியுலகோடு பேசத் தொலைபேசியும் இல்லை. பிறநாட்டிலுள்ள உறவினரின் குரலைக் கேட்க விரும்பியவர் கிளாலிக் கடனீரேரியிற் படகேறி, அச்சத்தோடு இருளைக் கடந்து, வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போக வேண்டியிருந்தது. 1994இல் எம் அம்மாவும் மாமாவின் துணையோடு அவ்வாறு வவுனியாவுக்குப் போனார். எமக்கு அப்போது 14 வயது. சில நாட்கள் கழித்து வீடு திரும்பியவர், வாசலிலேயே நின்று, "ஆறு நிமிசம் கதைச்சனான்" என்றார். பிற்காலத்தில் வீட்டுக்கே ஒரு தொலைபேசி வந்து, அதில் அக்காவின் குரலும் வந்தபோது, அந்த எண் அவருக்கு வெறும் இலக்கமாக இருக்கவில்லை.

நாம் தொலைபேசி நிறுவனத்தின் அலுவலகத்துக்குச் சென்றோம். கருமபீடத்தில் இருந்த இளைஞர் பொறுமையுடன் விளக்கினார். "சேர், 021 யாழ்ப்பாணத்துக்கு. வவுனியாவுக்கு 024. இந்த நம்பர் அங்க வராது. அங்க புது நம்பர்தான்." அவர் சொன்னதில் நியாயம் உண்டு. நிலைத்த தொலைபேசியின் எண் ஊரோடு கட்டப்பட்டது. மட்டக்களப்புக்கு 065, திருகோணமலைக்கு 026, கண்டிக்கு 081 என்று எண்ணின் முற்பகுதியே ஊரைச் சொல்லிவிடும். கைத்தொலைபேசி எண்ணோ ஊரைச் சொல்வதில்லை; ஆளோடு அலைவது. ஆகவே வீடு மாறுவோர் முதலிற் கேட்டறிய வேண்டியது, புதிய வீடு பழைய இணைப்பகத்தின் எல்லைக்குள் இருக்கிறதா என்பதையே. எல்லைக்குள் இருப்பின் எண்ணைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. எல்லை கடந்தால் வேறு வழி தேட வேண்டும்.

அந்த வேறு வழியையும் அவ்விளைஞரே காட்டினார். பழைய இணைப்பைத் துண்டிக்காமல் வைத்து, அதற்கு வரும் அழைப்புகளை வேறோர் எண்ணுக்குத் திருப்பிவிடலாம். மாத வாடகையை நாம் செலுத்திவர வேண்டும். திருப்பிய அழைப்பின் செலவும் எம்முடையது. ஆனால் இணைப்பு இருக்கும் வீடு எம்முடையதன்றே! வீட்டுக்காரர் இலண்டனிலிருந்து திரும்பி அந்த வீட்டிலே குடியிருக்கப் போகிறவர். நாம் தயங்கித் தயங்கி விடயத்தைச் சொன்னோம். அவர் முழுவதையும் கேட்டார். "மாஸ்டர், என்ர அம்மாவும் கடைசிக் காலத்தில என்னை மறந்தவ. நம்பர் இருக்கட்டும்" என்றார். வேறெதுவும் பேசவில்லை. இரத்த உறவில்லாத ஒருவர் எமக்குச் செய்த பேருதவி அது.

எண் தப்பியது, இணையம் தப்பவில்லை. பழைய இணைய இணைப்பை நாம் கேட்ட நாளிலேயே நிறுத்திவிட்டார்கள். புதியதைக் கொடுப்பதற்கோ 19 நாட்கள் சென்றன. கம்பத்தில் இடமில்லை என்றார்கள். பின்னர் வேலையாட்கள் இல்லை என்றார்கள். அதன்பின் தொலைபேசியை எடுக்கவேயில்லை. அந்நாட்களில் மகள் எமது கைத்தொலைபேசியின் இணைப்பை மடிக்கணினிக்குப் பகிர்ந்து படித்தாள். படத்துடன் நடைபெறும் வகுப்பு ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு கிகாபைட் அளவையோ அதற்கு மேலோ விழுங்கவல்லது. மாதத்துக்கென வாங்கிய அளவு ஒரு வாரத்திலே முடிந்தது. அம்மாவுக்கு வரும் அழைப்பும் அதே கைத்தொலைபேசிக்கே திருப்பப்பட்டிருந்தமையால், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வகுப்புக்கும் பெரியம்மாவுக்கும் இடையே நாம் நீதிபதியாக இருக்க நேர்ந்தது.

முதல் ஞாயிறு அழைப்பு வந்தது. அம்மா பேசினார். மறுமுனையிற் பெரியம்மா, கிணற்றடி மாமரம் பூத்துவிட்டதா என்று கேட்டிருக்க வேண்டும். வவுனியா வீட்டின் வெறும் முற்றத்தைப் பார்த்தபடி அம்மா, "ஓம் அக்கா, நல்லாப் பூத்திருக்கு" என்றார். வீடு மாறியதை இன்றுவரை அவர் தமக்கைக்குச் சொல்லவில்லை. நாமும் சொல்லச் சொல்லவில்லை.

ஈற்றில் இருபதாம் நாள் புதிய இணைப்பு வந்தது. பழைய வீட்டில் இருந்தது செப்புக் கம்பி; இங்கே வந்தது கண்ணாடியிழை. செப்புக் கம்பியில் மின்குறிகள் ஓடுகின்றன. தூரம் கூடக்கூட அவை தளர்வதனால், இணைப்பகத்திலிருந்து நாலைந்து கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள வீடுகளில் இணையம் நொண்டியடிக்கும். கண்ணாடியிழையில் ஓடுவது ஒளி. நூலினும் மெல்லிய இழையினூடே ஒளியை நெடுந்தூரம் அனுப்பிச் செய்தி பரிமாறலாம் என்பதை 1966இல் எடுத்துக் காட்டியவர் சார்ள்ஸ் காவோ. அதற்காக 2009இல் அவருக்கு பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. மாணவர்கள் இன்னுமொன்றை மனத்திற் கொள்க. விளம்பரத்திற் சொல்லும் '100 மெகாபிற்' வேகம் வேறு, நாம் கோப்புகளை அளக்கும் மெகாபைட் வேறு. எட்டுப் பிற் சேர்ந்தால் ஒரு பைட். எனவே அவ்வேகம் செக்கனுக்கு 12.5 மெகாபைட்டே, ஒரு கிகாபைட் கோப்பு வந்து சேர, எல்லாம் நன்றாக இருந்தாலும், 80 செக்கன் செல்லும்.

கண்ணாடியிழைக்கு ஒரு குறையும் உண்டு. பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய மின், இணைப்பகத்து மின்கலங்களிலிருந்து அதே கம்பி வழியாக வந்தது. வீட்டில் விளக்கணைந்தாலும் தொலைபேசி பேசும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. சுவரிற் பூட்டும் பெட்டிக்கு வீட்டு மின்சாரமே உயிர். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நாம் மறந்துவிடவில்லை. முதியோர் உள்ள வீட்டில் அப்பெட்டிக்கென ஒரு சிறிய மின்கலம் வாங்கி வைத்தல் அவசியம். வாங்குமுன் பெட்டிக்கு வேண்டிய வோல்ற்றளவை அதன் அடியிலோ மின்னேற்றியிலோ பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீடு மாறவிருக்கும் அன்பர்களுக்கு அனுபவத்திற் கண்ட சிலவற்றைக் கூறுகிறோம். புதிய வீட்டுக்கு முற்பணம் கொடுக்குமுன், அந்த ஒழுங்கையில் எந்த இணைப்பு உண்டு என்று அயல்வீட்டாரைக் கேளுங்கள். நிறுவனத்தாரிலும் அவர்களே உண்மை சொல்வர். குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் எழுத்திலே விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்குச் சான்று வாங்குங்கள். அடையாள அட்டைப் பிரதியோடு, புதிய முகவரிக்குச் சான்றாக வாடகை ஒப்பந்தத்தையோ கிராம அலுவலரின் கடிதத்தையோ ஆயத்தமாக வைத்திருங்கள். சுவரில் துளையிட வீட்டுக்காரரின் சம்மதத்தைக் கையெழுத்தோடு பெறுங்கள். இயலுமாயின் புதிய இணைப்பு உயிர்பெறும் வரை பழையதை நிறுத்தாதீர்கள். இரண்டொரு வார வாடகை, பிள்ளையின் படிப்பைவிடப் பெரிதன்று. நிறுவனத்துக்குச் சொந்தமான கருவிகளைத் திருப்பிக் கொடுத்தாற் பற்றுச்சீட்டு வாங்குங்கள். குறை தீரவில்லையாயின், 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு முறையிட வழியுண்டு.

இவற்றுக்கெல்லாம் மேலாக, பழைய எண்ணைக் கைவிடுமுன் வீட்டிலுள்ள முதியவரிடம் ஒருமுறை கேளுங்கள்: இந்த எண்ணை மட்டுமே அறிந்தவர் எவரும் எங்காவது இருக்கிறார்களா? இருப்பாராயின், மாதந்தோறும் கட்டும் அச்சிறு வாடகையைச் செலவாகக் கருதாதீர்கள். பெரியம்மாவின் விரல்கள் அந்த எண்ணை எத்தனை ஞாயிறுகளுக்கு நினைவில் வைத்திருக்குமோ, அத்தனை மாதங்களுக்கும் நாம் அதைக் கட்டுவதென்று தீர்மானித்திருக்கிறோம்.