ஓடாத இளவரசன்

சென்ற ரமலானுக்குச் சில நாட்கள் முன்பு கிதாபு அலமாரியை ஒழுங்கு செய்துகொண்டிருந்தபோது, மிஷ்காத் தொகுதிகளுக்குப் பின்னாலிருந்து மூன்றரை அங்குலக் கறுப்பு ஃபிளாப்பி ஒன்று கீழே விழுந்தது. அதைச் சுற்றிக் கோடு போட்ட தாள் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. தாளில் ஏழாம் வகுப்பு மாணவனின் கையெழுத்தில் பக்கம், வரி, சொல் என மூன்று பத்திகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் ஆங்கில எழுத்து. ஹதீஸ் கிதாபுக்கு அட்டவணை எழுதுவோர்கூட இத்தனை சிரத்தையாக எழுதமாட்டார்கள். அதனை அங்கே ஒளித்து வைத்தவர் வேறு எவருமல்லர், நாமேதாம்.

2001-ஆம் ஆண்டில், பாடக் குறிப்புகளைத் தட்டச்சு செய்வதற்கென்று பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கியிருந்தோம். அதில் நம் மகன் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' என்னும் ஆட்டத்தை ஆடலானான். அது விலைகொடுத்து வாங்கியதன்று, நண்பனிடமிருந்து பிரதியெடுத்தது என்பதும் நம் உள்ளத்தை உறுத்தியது. ஸுபுஹுக்குப் பின் ஓதவேண்டிய ஹிஃப்ழுப் பாடத்தை ஒரு நாள் அவன் ஒப்பிக்காமல் திகைத்து நின்றான். நாம் எழுந்து சென்று ஆட்டத்தை அழித்தோம், தகட்டையும் எடுத்துக்கொண்டோம். பின்னர் ஒருபோதும் அவன் அதைக் கேட்டதில்லை. கேளாமலிருந்ததைப் பணிவு என்று எண்ணி மகிழ்ந்தோம். ஹிஃப்ழை அவன் முடிக்கவுமில்லை. இன்று ஷார்ஜாவில் கணக்கராயிருக்கிறான். ஏழு வயதில் அவனுக்கொரு மகன்.

தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு, நம்மிடம் ஓதி, இப்போது கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை நடத்திவரும் மாணவரிடம் சென்றோம். இந்த வயதில் ஹஜ்ரத்துக்கு எதற்கு இந்த ஆட்டம் என்று அவர் கேட்கவில்லை. வெளியிலிருந்து பொருத்தும் ஃபிளாப்பிப் பெட்டி ஒன்றை எங்கிருந்தோ தேடிக் கொணர்ந்தார். இரண்டு முறை படிக்க மறுத்த தகடு, மூன்றாம் முறை, அல்ஹம்துலில்லாஹ், தன்னிடமிருந்த அனைத்தையும் தந்தது. ஆயினும் புதிய பெட்டியில் அதைத் தட்டியபோது, இது இங்கே ஓடாது என்னும் அறிவிப்பே வந்தது.

"ஹஜ்ரத், தகடு மேல் குற்றமில்லை. இது 16 பிட் நிரல், டாஸ் காலத்தது. 64 பிட் விண்டோஸ் இதை ஏற்காது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது" என்றார் மாணவர். செயலி 64 பிட் முறையில் இயங்கும்போது, பழைய டாஸ் நிரல்களைச் சுமப்பதற்கென அதற்குள் இருந்த தனி முறையும் கிடைக்காமல் போய்விடுகிறதாம்.

இதைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வந்தவை, நம் வீட்டு மூதாட்டியர் விட்டுச்சென்ற அரபுத்தமிழ் ஏடுகள். தாள் கெடவில்லை, மையும் மங்கவில்லை. அரபு எழுத்தில் எழுதிய தமிழை வாசிக்கும் கண்கள்தாம் அருகிவிட்டன. அந்த ஏடுகளைக் காப்பதற்கு வழிகள் இரண்டு. ஒன்று, தமிழ் எழுத்தில் பெயர்த்தெழுதுவது. மற்றொன்று, அந்த எழுத்தை வாசிக்க ஒருவருக்குக் கற்றுக்கொடுப்பது. பழைய ஆட்டங்களுக்கும் வழிகள் இவையே என்று அறிந்து வியந்தோம். 'டூம்' என்னும் ஆட்டத்தின் மூல நிரலை அதனை ஆக்கியோரே 1997-இல் வெளியிட்டார்கள். அதன்பின் எத்தனையோ புதிய பெட்டிகளுக்கு அது பெயர்த்தெழுதப்பட்டது. மூலம் கைக்கு எட்டாதவற்றுக்கு இரண்டாம் வழி. 2002-இல் முதன்முதல் வெளியான 'டாஸ்பாக்ஸ்' என்னும் இலவச நிரல், பழைய செயலி, திரை அட்டை, 'சவுண்ட் பிளாஸ்டர்' ஒலி அட்டை யாவற்றையும் நிரலாலேயே பாவனை செய்து, புதிய பெட்டிக்குள் பழைய பெட்டி ஒன்றை எழுப்புகிறது. ஆட்டமோ தன் காலத்திலேயே இருப்பதாக நம்பி ஓடுகிறது. வேகத்தையும் நாமே கட்டுப்படுத்தலாம். பழைய ஆட்டங்கள் பல, செயலியின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டவை. இன்றைய வேகத்தில் விட்டால் கண்ணிமைக்குமுன் முடிந்துபோகும். கண்ட்ரோல் விசையுடன் எஃப்11 அழுத்தினால் வேகம் குறையும். எஃப்12 அழுத்தினால் கூடும்.

இவ்வாறாக இளவரசன் ஓடினான். சுல்தான் போருக்குச் சென்றிருக்க, வஸீர் ஜாஃபர் இளவரசிக்குக் கொடுக்கும் கெடு ஒரு மணி நேரம். அதற்குள் நாயகன் நிலவறையிலிருந்து மேலேறி வரவேண்டும். முதற்கட்டம் முடிந்ததும் மருந்துக் குப்பிகள் பல வந்து நின்றன. கையேட்டில் இன்ன பக்கத்தில், இன்ன வரியில், இன்ன சொல்லின் முதலெழுத்தைக் குடி என்று கேட்டது. அந்தத் தாளின் பொருள் அப்பொழுதுதான் விளங்கிற்று. மகனின் கையெழுத்தைப் பார்த்துக் குடித்தோம், பிழைத்தோம். மூன்றாம் கட்டத்து எலும்புக்கூட்டைத் தாண்டி நம்மால் போக முடியவில்லை.

இந்த ஆட்டத்தை 1989-இல் ஆக்கிய ஜோர்டான் மெக்னர், தம் தம்பியை ஓடவும் தாவவும் செய்து வீடியோவில் பதிந்து, அதைப் பார்த்தே நாயகனின் அசைவுகளை வரைந்தார். இசையை அமைத்தவர் அவருடைய தந்தையார். தொலைந்ததாக எண்ணியிருந்த மூல நிரல் 2012-இல் கிடைத்ததும், அந்தத் தந்தையார் மகனுக்கு அனுப்பிவைத்த பழம்பெட்டி ஒன்றிலிருந்துதான். மூன்றரை அங்குலத் தகடுகளாக! இதைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

ஆட்டத்தை ஷார்ஜாவுக்கு அனுப்பினோம். அந்தத் தாளைப் படமெடுத்தும் அனுப்பினோம். மறுநாள் இஷாவுக்குப் பின் மகன் பேசினான். பேரன் ஆடுவதைத் திரையில் காட்டினான், "நன்னா, பாருங்க!" என்று பிள்ளை கூவினான். சிறிது நேரம் கழித்து மகன் தனியே வந்து, "அத்தா, நான்காம் கட்டத்தில் கண்ணாடிக்குள் பாய்ந்தால் இளவரசனின் நிழல் பிரிந்து போகும். பன்னிரண்டாம் கட்டத்தில் அதுவே வாளோடு எதிரில் வந்து நிற்கும். அதை வெட்டினால் நாமே செத்துப்போவோம். வாளை உறையில் போட்டுவிட்டு அதை நோக்கி நடக்கணும்" என்றான்.

"அதுவரை நீ போயிருக்கிறாயா?" என்று கேட்டோம்.

"நீங்க தகட்டை எடுத்தீங்களே, அன்றைக்குக் காலையில்தான் அத்தா. இன்னும் ஆறு நிமிஷம் பாக்கி இருந்தது" என்றான்.