சோழவரம் பார்த்த கண்

ஸ்டுட்கார்ட்

அன்புள்ள மருமகனுக்கு,

இரவு ஷிப்ட் முடிந்து சிப்காட் டீக்கடையில் நடந்த சண்டையை நீ எழுதியிருந்த விதம் பிடித்திருந்தது. ஃபெராரி எஃப்40, போர்ஷே 959, மெக்லாரன் எஃப்1. இந்த மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள் என்று யாராவது சாவியை நீட்டினால் மாமா எதை எடுப்பார் என்று கேட்டிருக்கிறாய். கூடவே, திருவள்ளூரில் ஒரு பழைய மிட்சுபிஷி சீடியா விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று இன்னொரு கேள்வி. நீ தனித்தனியாகத்தான் கேட்டாய். எனக்கு இரண்டும் ஒன்றாகவே படுகிறது.

உங்கள் சண்டையில் அடிபட்ட எண்களை முதலில் நேர் செய்துவிடுகிறேன். 959 வந்தது 1986இல். ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, 450 குதிரைத்திறன், உச்ச வேகம் மணிக்கு 317 கிலோமீட்டர். அடுத்த வருடமே ஃபெராரி தன் நாற்பதாவது ஆண்டை ஒட்டி எஃப்40ஐ இறக்கியது: 2.9 லிட்டர் வி8, 478 குதிரைத்திறன், 324 கிலோமீட்டர். தொண்ணூறுகளில் வந்த மெக்லாரன் இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டது. அதில் டர்போவே கிடையாது. பிஎம்டபிள்யூ செய்து கொடுத்த 6.1 லிட்டர் வி12, 627 குதிரைத்திறன். 1998 மார்ச் 31 அன்று, இங்கே வட ஜெர்மனியில் ஏரா-லெஸ்ஸியன் சோதனைத் தடத்தில், ஆண்டி வாலஸ் அதை மணிக்கு 386 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோனார்.

எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் வேலை இத்தோடு முடிந்தது. ஆனால் எண்ணுக்கு ஆயுசு குறைவு. 2005இல் புகாட்டி வேய்ரான் நானூறைத் தாண்டியது. இன்று டெஸ்லாவின் நான்கு கதவு மின்சாரக் கார் ஒன்று, பிள்ளைகளைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டே, நின்ற நிலையிலிருந்து நூறைத் தொடுவதில் மூன்றையும் முந்திவிடும். அதனால் எஃப்40க்கு மவுசு குறைந்துவிட்டதா? ஏலத்தில் அதன் விலை ஏறிய வண்ணம் இருக்கிறது. அப்படியென்றால் ஜனங்கள் நேசிப்பது வேகத்தின் அளவை இல்லை. அந்த வேகம் எப்படி வருகிறது என்பதைத்தான்.

அது மூன்றிலும் மூன்று விதம். 959இல் இரண்டு டர்போவும் ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வரும். விசை சீராக ஏறும். நான்கு சக்கரமும் இழுக்கும், எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு என்பதைக் கணினி பங்கு போடும். எஃப்40இல் இந்தத் தயவெல்லாம் கிடையாது. டர்போ இரண்டும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும். அதுவரை சாதுவாக வந்த கார் பின்சக்கரம் இரண்டிலும் முழு பலத்தோடு பாயும். பவர் ஸ்டீயரிங் இல்லை, ஏபிஎஸ் இல்லை, ரேடியோ இல்லை, தரையில் கம்பளமும் இல்லை. மெக்லாரனில் கால் அசைந்த கணமே இஞ்சின் பதில் சொல்லும், ஓட்டுநர் நடுவில் உட்காருவார், இருபுறமும் கொஞ்சம் பின்தள்ளி ஆளுக்கொரு சீட். வடிவமைத்தவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்த கார்டன் மர்ரி. தேவையில்லாத ஒரு கிராம்கூட இருக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்த மனிதர். இஞ்சின் அறையில் வெப்பத்தைத் தடுக்கத் தங்கத் தகடு ஒட்டியதும் அவர்தான்.

நீ ரோலிங் மில்லில் வேலை பார்ப்பவன், உனக்கு இது பிடிக்கும்: எஃப்40இன் எலும்புக்கூடு எஃகுக் குழாய். அதன்மேல் கார்பன் இழையும் கெவ்லாரும் ஒட்டியிருக்கிறார்கள். மெக்லாரன் முழுக்கக் கார்பன் இழைக்கூடு. இந்த இரண்டில் உங்கள் சரக்குக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ளத்தக்கது ஃபெராரிதான்.

இனி அரிதான கார் என்ற பேச்சுக்கு வருகிறேன். "உலகத்திலேயே இத்தனைதான் இருக்கு" என்று உன் நண்பன் அடித்துப் பேசினானே, அதில்தான் எனக்கு வழக்கு. ஒரு பொருள் ஏன் அரிதாயிற்று என்று கேட்காமல் அதன் எண்ணிக்கையை மட்டும் சொல்வதில் பிரயோசனம் இல்லை. போர்ஷே 959 பிறந்தது குரூப் பி என்ற ராலிப் பிரிவுக்காக. அதில் ஓட வேண்டுமென்றால் 200 கார்கள் செய்தாக வேண்டும் என்பது விதி. கோர விபத்துகளுக்குப் பிறகு 1986 முடிவோடு அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். எந்தப் பந்தயத்துக்காகச் செய்தார்களோ அது இல்லாமலே போனது. ஆனாலும் அதே வருடம் பாரிஸ்-டக்கார் பாலைவன ராலியில் 959 ஜெயித்தது. மெக்லாரன் பந்தயக் கார்களையும் சேர்த்து மொத்தம் 106. அந்த விலை கொடுத்து வாங்க ஆள் அவ்வளவுதான் இருந்தார்கள். எஃப்40 400தான் என்று ஆரம்பித்து, கேட்டவர்கள் கூடக்கூட 1,300க்கு மேல் செய்தார்கள். மூன்றில் அதிகம் புழங்கியது அதுதான்; மூன்றில் அதிகம் பேரைத் தூங்கவிடாமல் செய்ததும் அதுதான். என்ஸோ ஃபெராரி கண்ணால் பார்த்துச் சம்மதம் சொன்ன கடைசிக் கார் அது. 1988 ஆகஸ்டில் அவர் போய்விட்டார்.

இப்போது வருகிற அரிதான கார்கள் பெரும்பாலும் வேறு ரகம். இத்தனைதான் செய்வோம் என்று முதலிலேயே அறிவித்துவிடுகிறார்கள், செய்வதற்கு முன்பே விற்றுத் தீர்க்கிறார்கள், வாங்கியவர் ஓட்டாமல் மூடி வைக்கிறார். பந்தய விதி ஒன்றுக்குக் கட்டுப்பட்டு 200 கார் செய்ததையும், விலை ஏறட்டும் என்று 200இல் நிறுத்துவதையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனசு வருவதில்லை.

இங்கே பக்கத்து ஊர் போப்லிங்கனில் ஒரு பழைய விமான நிலையம் இருக்கிறது. இப்போது அதன் பெயர் மோட்டார்வேர்ல்ட். கார் வைத்திருப்பவர்கள் வாடகை கொடுத்துக் கண்ணாடிப் பெட்டிகளில் தங்கள் வண்டியை நிறுத்தியிருப்பார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம், கட்டணம் கிடையாது. அங்கே ஒரு எஃப்40ஐக் கண்ணாடியில் மூக்கு படுகிற நெருக்கத்தில் பார்த்தேன். எடையைக் குறைக்கப் பெயின்ட்டை அவ்வளவு மெல்லிசாக அடித்திருக்கிறார்கள். சிவப்புக்குக் கீழே இழைகளின் நெய்வு அப்படியே தெரிகிறது. கதவைத் திறக்க உள்ளே கைப்பிடிகூட இல்லை, இழுக்க ஒரு கம்பிவடம், அவ்வளவுதான். முன்பக்கம் ஒரு சார்ஜர் ஒயர் தரையில் ஓடிச் சுவரில் முடிந்தது. பேட்டரி இறங்காமல் இருக்க. டயரைக் குனிந்து பார்த்தேன். வார்ப்பிலிருந்து வரும் ரப்பர் முடிகள் தேயாமல் அப்படியே இருந்தன. எனக்கு மனசு கஷ்டமாகப் போயிற்று. இழை தெரிகிற அளவுக்குப் பெயின்ட்டைக் குறைத்த ஒருவன் அந்தக் காரை ஓடுவதற்காகத்தானே செய்தான்?

எனக்கு இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது தெரியுமா? சோழவரத்திலிருந்து. நீ கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு வரும்போது, காரனோடைப் பாலம் தாண்டி, செங்குன்றத்துக்கு முன்னால், சோழவரம் என்றால் உனக்கு ஏரி ஞாபகம் வரும். என் வயசுக்காரர்களுக்குக் கார் ரேஸ் ஞாபகம் வரும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுபாதை அது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் கட்டும் காலம் வரைக்கும் தன் பெரிய பந்தயங்களை அங்கேதான் நடத்தியது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் போர்க்கால விமானத்தளம்தான், அமெரிக்காவின் செப்ரிங்கும் அப்படித்தான். அவற்றின் பெயர் உலகம் பூராவும் தெரியும். அதே வம்சத்தைச் சேர்ந்த சோழவரத்தின் பந்தயக் கதை அந்தச் சாலையில் தினமும் போய்வருகிற உனக்கே தெரியவில்லை என்பதுதான் என் ஆதங்கம். அந்த இடத்துக்கு ஒரு பெயர்ப்பலகையும், பழைய படங்களோடு ஒரு சின்னக் காட்சிக்கூடமும் வைக்க வேண்டும். யார் செய்தாலும் என்னால் முடிந்த பணம் தருகிறேன்.

வெளிநாட்டுக் கார் இறக்குமதி செய்வது குதிரைக் கொம்பாக இருந்த காலம் அது. உள்ளூர் ஃபியட்டுக்கே வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அதனால் அங்கே அம்பாசடர், ஃபியட், நம் வண்டலூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாவற்றையும் அறுத்து, ஒட்டி, எடை குறைத்து ஓட்டினார்கள். எண்பதுகளில் விஜய் மல்லையா எங்கோ ஐரோப்பாவில் ஓடிய என்சைன் ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து அங்கே ஓட்டினார். அதன் சத்தம் காதில் விழுவதற்கு முன் நெஞ்சில் விழும். கோயம்புத்தூர் கரிவர்தன் செய்ததுதான் என்னைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய காரியம். மாருதி 800இன் மூன்று சிலிண்டர் இஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி. ஒரு தலைமுறை பந்தய ஓட்டுநர்கள் அதில்தான் பழகினார்கள். நரேன் கார்த்திகேயனும் அதில் ஓட்டியவர்தான்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்றவர்களில் எண்ணூர், திருவொற்றியூர், அம்பத்தூர்த் தொழிற்சாலை ஆட்கள் ஏராளம். எந்த வண்டி திருப்பத்தில் பின்பக்கம் நழுவுகிறது, எவன் பிரேக்கை முன்னாடியே பிடித்துவிட்டான் என்று சத்தம் போட்டுச் சொல்வார்கள். லேத்திலும் அசெம்பிளி லைனிலும் நின்ற கைகள். ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிடுவது என்பதை நான் அவர்களிடம்தான் கற்றேன். ஓடும்போது பார்த்து ஒப்பிட வேண்டும்.

இப்போது உன் கேள்விக்கு நேராக வருகிறேன். மூன்றில் ஒன்றுதான் என்றால் எஃப்40. 959 அறிவாளி, மெக்லாரன் அதிசயம், இரண்டையும் மதிக்கிறேன். ஆனால் ஓட்டுகிறவனை நம்பி முழுப் பொறுப்பையும் அவன் கையில் கொடுக்கிற கார் எஃப்40தான். நாலாவதாக ஒன்றை நானே சேர்த்துக்கொள்ளலாம் என்றால் மூன்று சாவியையும் திருப்பிக் கொடுத்துவிட்டு மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் ஆறைக் கேட்பேன்.

சிரிக்காதே, கணக்கைக் கேள். டாமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலி பட்டம் வென்றது லான்சர் எவல்யூஷனில். 1998இல் தயாரிப்பாளர் பட்டமும் மிட்சுபிஷிக்குத்தான். அதே 1998இல்தான் நம் திருவள்ளூர் அதிகத்தூரில், இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில், லான்சர் தயாரிப்புத் தொடங்கியது. நான்காம், ஐந்தாம், ஆறாம் எவல்யூஷன் எந்தத் தலைமுறை லான்சரின் உடம்பில் கட்டப்பட்டதோ, அதிகத்தூரில் நம் ஆட்கள் செய்ததும் அதே தலைமுறைதான். நம்முடையதில் 1.5 லிட்டர் இஞ்சின், சாந்தமான குடும்பக் கார். எவல்யூஷனில் வார்ப்பிரும்பு பிளாக் கொண்ட இரண்டு லிட்டர் டர்போ, 280 குதிரைத்திறன், நான்கு சக்கர இழுவை, கூடுதல் வெல்டிங். பின்லாந்தின் மண்சாலையிலும் மான்டி கார்லோவின் பனியிலும் தாவிப் போன காரின் உருவக்கோடு, கடம்பத்தூர் ரயிலில் வந்து இறங்கிய நம் பையன்கள் தினமும் கையால் தடவிப் பார்த்த அதே கோடு. இதைவிட நெருக்கமாக எந்த உலக சாம்பியனும் நம் ஜில்லாவுக்கு வந்ததில்லை.

அதுவும் விதிக்காகப் பிறந்த கார்தான். குரூப் ஏ ராலிக்கு 2,500 கார் விற்பனைக்குச் செய்ய வேண்டும். அதனால் கணக்குப்படி அது 959 அளவுக்கு அரிதில்லை. எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. ஓட்டினார்கள், சேற்றில் புரட்டினார்கள், இடித்தார்கள், தட்டி நிமிர்த்தி மறுபடி ஓட்டினார்கள்.

இனி சீடியா. 2006இல் அதே அதிகத்தூர் ஆலையிலிருந்து வந்த அடுத்த தலைமுறை லான்சர் அது. இரண்டு லிட்டர், 115 குதிரைத்திறன். நம் தேசிய ராலியில் எம்ஆர்எஃப் அணிக்காக ஓடிய கார். அந்த ஆலையில் இப்போது சிட்ரோயன் செய்கிறார்கள். மிட்சுபிஷி கார் இப்போது நம் நாட்டில் விற்பனையிலேயே இல்லை. ஆகவே உதிரிபாகத்துக்கு நீ புதுப்பேட்டையில் அலைய வேண்டிவரும். அதற்கு மனசு தயாராக இருந்தால் வாங்கு.

வாங்குமுன் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள். கதவடிப் படியில் துரு இருக்கிறதா என்று மிதியடி ரப்பரைத் தூக்கிப் பார். குளிர்ந்த இஞ்சினை உன் எதிரில் ஸ்டார்ட் செய்யச் சொல், முன்னாடியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் போ. பதினைந்து வருடம் தாண்டிய வண்டி என்றால் ஆர்டிஓவில் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதே. உன் அப்பாவைக் கூட அழைத்துக்கொண்டு போ, பேரம் அவர் பேசட்டும். நீ மாக்கினென், மான்டி கார்லோ என்று அங்கே வாயைத் திறந்துவிடாதே. விற்கிறவர் விலையை ஏற்றிவிடுவார்.

அன்புடன்,
மாமா